கணினிக்குக் காவல்: விலையில்லாதது போதுமா?

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகாதிருக்கச் சொல்லப்பட்ட நல்லுரை அது. ஆயின், கொடுத்தவர் இன்னார் என்பதை நாம் அறியோம். எதற்காகக் கொடுத்தார் என்பதையும் அறியோம். கொடுக்கப்பட்ட பொருளோ நம் வீட்டுக்குள்ளேயே இருந்து இரவும் பகலும் நம் பெட்டகங்களையெல்லாம் திறந்து பார்க்கும் உரிமை பெறுகின்றது. அத்தகைய தானத்தைப் பல்லை மட்டுமன்று, நாவையும் நகத்தையும் பார்த்தே ஏற்றல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கணினிப் பாதுகாப்பு மென்பொருள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வாரம் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், அறுகம்பேயிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதமாகும். உல்லைப் பகுதியில் ஐந்து அறைகள் கொண்ட சிறு விடுதியொன்றை அவர் குடும்பத்தினர் நடத்தி வருகின்றனர். கடலலைச் சவாரிக்கு வரும் வெளிநாட்டவர் சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை தங்குவர். அந்த ஆறு மாத உழைப்பே ஆண்டு முழுமைக்குமான சோறு. வீட்டிலுள்ள ஒரே கணினியில் அறைப் பதிவுகளும், விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகளும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மகனின் ஆய்வேடும், மூத்த மகளின் திருமணப் படங்களும் ஒன்றாகக் கிடக்கின்றன. அதற்குக் காவல் எது என்பதில் வீட்டில் வழக்கு மூண்டிருக்கின்றது.

கல்முனையிலிருக்கும் சகோதரியின் தம்பி, “காசு கொடுக்காத காவலாளி கண்ணுறங்குவான், மருமகன், நல்லதாக ஒன்றை விலைக்கு வாங்குவோம்” என்கின்றாராம். மகனோ, “மாமா, கணினியோடு வருகின்ற காவலே போதும், டொலரிலே காசு கட்ட நமக்கென்ன வசதியா இருக்கு?” என்கின்றானாம். இருவருள் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கின்றார் அத்தாயார்.

மகனின் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை அண்மித்ததை நம் நாட்டு இல்லத்தரசியர் எவரும் மறந்திலர். ஆண்டுதோறும் டொலரிற் கட்டவேண்டிய எந்தச் செலவையும் இருமுறை எண்ணிப் பார்ப்பதே குடும்பத்துக்கு அழகு. எனினும், காசு மிச்சம் என்ற ஒன்றையே பார்த்துக் காவலைத் தேர்தலும் ஆகாது. நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்தைப் பற்றிப் பேசுதல் தகும்.

வீட்டுக் கணினிகளைப் பற்றிய நோய்களுள் முதன்மையாகப் பேசப்படுவது ‘பிரெயின்’ என்பது. 1986 ஆம் ஆண்டில் லாகூர் நகரில் கணினிக் கடை வைத்திருந்த சகோதரர் இருவர் அதனை எழுதினர். தாம் ஆக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைப் பிடிப்பதே தம் நோக்கம் என்று பின்னர் அவர்கள் கூறினர். தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளேயே எழுதியும் வைத்திருந்தனர். அக்காலத்து நோய் அத்துணை வெள்ளை மனத்தது. இக்காலத்து நோயோ கப்பம் கேட்கின்றது. கணினிக்குட் புகுந்து, கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, திறவுகோல் வேண்டுமாயின் பணம் அனுப்பு என்று திரையில் அறிவிக்கின்றது.

2017 மே 12 ஆம் நாள் ‘வொனாகிரை’ என்னும் கப்ப நிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியது. பிரித்தானிய அரசாங்க மருத்துவமனைகளிற் சத்திர சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 ஆம் நாளே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கணினிகள் தப்பின. ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டவை அகப்பட்டன.

இது எங்கோ நடந்தது என்று எண்ணற்க. 2023 ஓகஸ்ட் மாதத்தில் நம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கியிருந்த ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்னும் வலையமைப்பையே கப்ப நிரல் தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளப் பெற முடியாதவாறு அழிந்தன. காரணம் இரண்டு. ஒன்று, அங்கே இயங்கிய மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான திருத்தங்களை ஆக்கியோர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டனர். மற்றொன்று, அக்காலப்பகுதிக்குரிய மாற்றுப் பிரதி எங்கும் தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. காவல் மென்பொருளின் விலையைப் பற்றிய பேச்சு அங்கே எழவேயில்லை என்பதை நம் கல்முனைச் சகோதரர் கருத்திற் கொள்வாராக.

இனி மருந்துக்கு வருவோம். விண்டோஸ் கணினி வைத்திருப்போர் பலர், தம் வீட்டிலே காவலாளி ஒருவன் ஏற்கெனவே நிற்கின்றான் என்பதை அறியாதிருக்கின்றனர். ‘டிபென்டர்’ என்பது அவன் பெயர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கம் அவன் முழுமையான வைரஸ் எதிர்ப்புக் காவலனாகக் கணினியோடு சேர்ந்தே வருகின்றான். தொடக்க காலத்தில் அவனுடைய பார்வை மங்கலானதென்று ஏளனம் செய்தோர் உண்டு. பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏ.வி. டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ஏ.வி. கொம்பரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் இத்தகைய மென்பொருள்களைத் தொடர்ந்து பரிசோதித்துப் புள்ளி வழங்கும் நிலையங்கள். ஏ.வி. டெஸ்ட் நிலையம் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, தொல்லையின்மைக்கு 6 என மொத்தம் 18 புள்ளிகள் இடுகின்றது. அண்மைய ஆண்டுகளின் பரிசோதனைகளில், விலைகொடுத்து வாங்குபவற்றோடு ஒரே வரிசையில் நிற்கத்தக்க புள்ளிகளை டிபென்டர் பன்முறை பெற்றிருக்கின்றது.

ஆகவே முதற்கண் செய்யவேண்டியது, எதனையும் புதிதாக இறக்குவதன்று. உள்ள காவலன் விழித்திருக்கின்றானா என்று பார்ப்பதே. தொடக்கப் பட்டியலில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டச்சிட்டுத் திறந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் அருகே பச்சைக் குறி தெரியும். சிவப்போ மஞ்சளோ தெரியின் அங்கே குறை உண்டு. அப்பக்கத்திலேயே கப்ப நிரலுக்கு எதிரான தனிப் பாதுகாப்பு ஒன்றும் இருக்கின்றது. அறியாத மென்பொருள் எதுவும் நம் ஆவணங்களையும் படங்களையும் தொட்டு மாற்றாதவாறு அது தடுக்கும். இது பெரும்பாலும் அணைந்த நிலையிலேயே இருக்கும். நாமே அதனை இயக்கிவிடல் வேண்டும். சில வேளைகளில் நல்ல மென்பொருளையும் அது தடுத்து நிறுத்தும். அப்பொழுது அதற்கு மட்டும் அனுமதி வழங்கினாற் போதும்.

‘ஒருவனுக்கு இருவராகக் காவல் வைத்தால் இன்னும் நன்றன்றோ?’ என்று சிலர் கேட்பர். நன்றன்று. இரண்டு காவலரும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கோப்பையும் பிடித்து ஆராயத் தொடங்கின், கணினி ஆமையாகிவிடும். ஒருவரையொருவர் கள்வரென்று ஐயுறுதலும் உண்டு. இதனாலேயே வேறொரு முழுநேரக் காவல் மென்பொருளை நாம் நிறுவும்போது டிபென்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்கின்றது. அதனை நீக்கிவிட்டால் மீண்டும் தன் இடத்திற்கு வருகின்றது. முழுநேரக் காவல் ஒன்றே இருத்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொள்க.

வெளியிலிருந்து கிடைக்கும் இலவசக் காவலர்களுள் நம்மவர் அறிந்த பெயர்கள் அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா, பிட்டிபென்டர் என்பன. முதல் மூன்றும் வெவ்வேறு போலத் தோன்றினும் இப்பொழுது ஒரே முதலாளியின் கீழ் உள்ளவை. பிட்டிபென்டர் ருமேனிய நாட்டது. இவை அனைத்தும் திறமை அற்றவை என்று நாம் சொல்லோம். ஆயின் இவற்றை ஆக்குவோருக்கும் சம்பளமும் வாடகையும் உண்டு. இலவசமாகத் தருகின்றவர் அவற்றை எவ்வழியிற் பெறுகின்றார் என்பதே நாம் பார்க்கவேண்டிய பல்.

பெரும்பாலோர் செய்வது விளம்பரம். ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே உயர்தரப் பதிப்பை வாங்குங்கள்’ என்று அடிக்கடி திரையில் வந்து அச்சுறுத்துவர். இது தொல்லையேயன்றித் தீமையன்று. தீமை வேறிடத்தில் உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் அவாஸ்ட் நிறுவனத்துக்கு எதிராக ஒரு நடவடிக்கையை அறிவித்தது. இணையத்தில் மக்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கின்றனர் என்ற விபரங்களை, அவர்களைக் காப்பதாகச் சொன்ன அதே மென்பொருளின் வழியாகத் திரட்டி, ‘ஜம்ப்ஷொட்’ என்னும் துணை நிறுவனத்தின் ஊடாகப் பிறருக்கு விற்றது என்பது குற்றச்சாட்டு. 16.5 மில்லியன் டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. அத்துணை நிறுவனம் 2020 இலேயே மூடப்பட்டுவிட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கின்றோம். ஆயினும் பாடம் பாடமே. வாசலிற் காவலுக்கு நின்றவனே வீட்டுக்கு யார் வந்தார், யார் போனார் என்று கணக்கெழுதிச் சந்தையில் விற்றால், காவல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

எனவே புதிய காவலைத் தேர்வோர் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்நேரமும் காவல் செய்வதா, அன்றி நாம் அழைக்கும்போது மட்டும் சோதிப்பதா? மால்வெயார்பைட்ஸ் என்பதன் இலவசப் பதிப்பு பின்னைய வகை. ஐயம் எழும்போது இரண்டாவது வைத்தியரிடம் காட்டுவது போல அதனை வைத்துக்கொள்ளலாமேயன்றி, அதனையே காவலாக நம்பியிருத்தல் ஆகாது. மேலே சொன்ன பரிசோதனை நிலையங்களின் பட்டியலில் அதன் பெயர் உண்டா? பட்டியலிலேயே இல்லாத புதுப் பெயரானால் விட்டுவிடுக. நம்மைப் பற்றிய விபரம் எதனைத் திரட்டுகின்றது, அதனை நிறுத்தும் வசதி அமைப்புப் பகுதியில் உண்டா? இறுதியாக, ‘முப்பது நாள் இலவசம்’ என்று கூறி வங்கி அட்டையின் எண்ணைக் கேட்கின்றதா? அட்டையைக் கேட்பது இலவசமன்று. முப்பத்தோராம் நாள் பணம் கழிப்பதற்கான முன்னேற்பாடு.

எதனை எடுப்பினும் அதனை ஆக்கியோரின் சொந்த இணையத்தளத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். கடைக்காரர் தரும் தட்டிலிருந்தும், பென்டிரைவிலிருந்தும், ‘இலவசமாக இறக்குங்கள்’ என்று கூவும் கண்டறியாத பக்கங்களிலிருந்தும் வேண்டா. தமிழ் எழுத்துருக்களைத் தேடுவோரும் இவ்வெச்சரிக்கையை ஏற்றல் நன்று. உலாவிக்கொண்டிருக்கும்போது திடீரெனத் திரை சிவந்து, ‘ஐந்து வைரசுகள் பிடிபட்டன, இங்கே அழுத்துங்கள்’ என்று வருமாயின், அது காவலன் அல்லன். காவலன் வேடமிட்ட கள்வன். பக்கத்தை மூடிவிட்டு எழுந்து சென்று தேநீர் அருந்துக.

கணினியில் விலைக்கு வாங்காத, பூட்டுடைத்த விண்டோஸ் இருக்குமானால் நிலைமை வேறு. பூட்டுடைக்கும் நிரல்கள் பல, முதலில் காவலை அணைத்துவிடுமாறு நமக்கே கட்டளையிடுகின்றன. ‘பயப்படாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகின்றனர்’ என்று கடையில் ஆறுதலும் சொல்வர். காவலனை வெளியேற்றிய பின்னர் உள்ளே அழைக்கப்படுபவன் யாரென்று எவர் சொல்ல வல்லார்? அத்தகைய கணினிக்கு இலவசக் காவலும் வீண், விலைக் காவலும் வீண். வசதியில்லாதோர்க்கு லினக்ஸ் என்னும் நேர்மையான இலவச வழி உண்டு. சாதாரணமாகக் கடிதம் எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், பதிவுகளைக் கவனிக்கவும் அது தாராளமாகப் போதும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு அதற்கான வழமையான இலவசத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திற்று. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிக்கும் மேலதிகத் திட்டமொன்றையும் அறிவித்தது. டிபென்டரின் நோய்ப் பட்டியல் 2028 வரை புதுப்பிக்கப்படும் என்றும் சொல்லியிருக்கின்றது. இதன் பொருள் யாதெனின், காவலன் விழித்திருப்பான். ஆயின் சுவர் வெடிப்பதை எவரும் பூசார். இயலுமாயின் விண்டோஸ் 11 க்கு மாறுவது, பழைய கணினி அதற்கு இடந்தராதாயின் லினக்ஸை ஏற்பது என்பதே வழி.

அறுகம்பேச் சகோதரியின் தொழிலுக்கு நேராகப் பொருந்தும் ஒரு மோசடியை இங்கே விரித்துரைத்தல் கடனாகும். 2024 டிசம்பர் தொடக்கம் விருந்தோம்பல் துறையினரைக் குறிவைத்து நடக்கும் ஒரு தாக்குதலை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் வெளிப்படுத்தியது. தெற்காசியாவும் அதன் வலைக்குள் அடக்கம். அறைப் பதிவு செய்யும் பிரபல தளமாகிய புக்கிங் டொட் கொம் எழுதியது போலவே மின்னஞ்சல் ஒன்று வரும். விருந்தினர் ஒருவர் குறை கூறியிருக்கின்றார் என்றோ, கணக்கை உறுதிப்படுத்துக என்றோ அதிற் காணப்படும். இணைப்பை அழுத்தினால், ‘நீங்கள் மனிதர்தாம் என்று மெய்ப்பியுங்கள்’ என ஒரு பக்கம் திறக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துக, பின்னர் ஒட்டுக, பின்னர் என்டர் விசையை அழுத்துக என்று அது கற்பிக்கும். அவ்வாறு செய்பவர், கள்வன் எழுதிய கட்டளையைத் தம் கையாலேயே தம் கணினிக்கு இடுகின்றார். கதவை உடைக்க வேண்டிய வேலையே கள்வனுக்கு இல்லை. வீட்டுக்காரரே திறந்துவிடும்போது காவலன் எத்துணை வலியனாயினும் சில வேளை தடுமாறத்தான் செய்வான். விருந்தினர் குறை கூறினாரா என்று அறிய விரும்பின், மின்னஞ்சல் இணைப்பை விடுத்து, வழக்கமாகச் செல்லும் முறையிலேயே தளத்துக்குட் சென்று பார்க்க வேண்டும். விசைகளை அழுத்தச் சொல்லி எந்த நேர்மையான தளமும் மனிதரைச் சோதிப்பதில்லை.

இறுதியாக, எல்லாக் காவலும் தோற்றபின் துணைநிற்பது மாற்றுப் பிரதி ஒன்றே. இதனை இக்கரையோர மக்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, உயிர் தப்பியும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தாய் தந்தையரின் ஒரே படத்தையும் இழந்து நின்றோர் பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரை எத்தனை பேர்! ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் அனைத்தும் இருந்தமையே அவ்விழப்புக்குக் காரணம். கணினிக்கும் அதே நியாயம். வெளி வன்தட்டு ஒன்றில் கிழமைக்கு ஒருமுறை படியெடுத்து, படியெடுத்தவுடன் கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றாது விட்ட தட்டைக் கப்ப நிரல் கணினியோடு சேர்த்தே பூட்டும்.

விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகள் நம் சொத்தல்ல. பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம். தனிநபர் தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கின்றது. சட்டத்துக்கும் கணக்குக்கும் வேண்டிய காலம் கழிந்ததும் அவற்றை அழித்துவிடுதலே நேர்மை. இல்லாத பொருளை எக்கள்வனும் எடுக்கமாட்டான். தப்பித்தவறித் தாக்குதல் நேரின் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு, 2006 இல் நிறுவப்பெற்ற ‘இலங்கை சேர்ட்’ என்னும் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு அறிவிக்கலாம். கப்பம் கட்டினாற் கோப்பு திரும்பும் என்பதற்கு எவரும் பிணையில்லை.

இப்பொழுது வழக்குக்குத் தீர்ப்பு. மகன் சொன்னது பாதி சரி: ஒரு குடும்பக் கணினிக்கு, திருத்தங்கள் ஒழுங்காக ஏற்றப்படுமாயின், கணினியோடு வந்த காவலே போதும். மாமா சொன்னதும் பாதி சரி: பாதுகாப்புக்குப் பணம் செலவிடத்தான் வேண்டும். ஆயின் அப்பணத்தை ஆண்டுச் சந்தாவாகக் கடல் கடந்து அனுப்புவதினும், அதனைக் கொண்டு இரண்டு வெளி வன்தட்டுகளை வாங்குக. ஒன்று உல்லை வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றை மாதம் ஒருமுறை படியெடுத்துக் கல்முனைக்குக் கொடுத்தனுப்புக. அதனை மாமா தம் அலுமாரியிற் பூட்டி வைக்கட்டும். மருமகனின் ஆய்வேட்டுக்கும் மருமகளின் திருமணப் படங்களுக்கும் அவரே காவலாளியாவார். அவர் உறங்கினாலும் குற்றமில்லை.